பழைய காரும் அதைவிடப் பழைய காரும்

1

தார்மீகப் பிரச்னை என்றதும் நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் பெரும்பாலும் பிரம்மாண்டமானவை: யுத்தம், துரோகம், தியாகம், கொலை. மத்தியதர வர்க்கத்து மனிதன் ஒருவன் தன் ஆயுளில் இவற்றில் ஒன்றையும் நேருக்கு நேர் சந்திக்காமலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஓடித் தேய்ந்துவிட்ட தன் காருக்கு மாற்றாக இன்னொரு பழைய காரை வாங்குவது, அதிலும் எவ்வளவு பழையதை வாங்குவது என்ற முடிவை அவன் அநேகமாக இரண்டு மூன்று தடவையாவது எடுத்தாக வேண்டியிருக்கிறது. அதைப் பண விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்கிறான். மெக்கானிக்கைக் கேட்கிறான், மைத்துனனைக் கேட்கிறான், வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்கிறார்கள், கடைசியில் புரோக்கர் சொன்னது நடக்கிறது. இதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கட்சி.

பிரச்னையை ஸ்தூலமாக வைத்துக்கொள்வோம். கையில் மூன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. வாசலில் நிற்பது இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு செடான். (ஒரு காலத்தில் எல்லாக் காரும் நமக்குப் பிளஷர். ஆங்கிலேயன் வைத்த சலூன் என்ற பெயர் முடிவெட்டும் இடத்துக்குப் போய்விட்டதால், டிக்கி வைத்த காரைக் குறிக்க அமெரிக்கச் சொல் வந்து சேர்ந்தது.) அந்தச் செடான் காலையில் புகை கக்குகிறது, மிதியடிக்குக் கீழே தளம் துருவேறியிருக்கிறது, பதினைந்து வருஷப் பதிவு முடிந்து ஒரு தடவை புதுப்பித்தாயிற்று. மாற்று வேண்டும். மூன்றரை லட்சத்துக்குச் சந்தையில் இரண்டு ஜாதி வண்டி கிடைக்கும். ஒன்று, 2010 வாக்கில் வெளிவந்து அந்நாளில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பெரிய செடான். மற்றது, 2016 வாக்கில் வெளிவந்து ஆறேழு லட்சத்துக்கு விற்ற சின்ன செடான். ஒரு ஹாட்ச்பேக்கின் முதுகில் டிக்கியை ஒட்டவைத்தது போன்ற வடிவம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு எக்ஸைஸ் வரியைக் குறைத்தார்கள். அந்தச் சலுகைக்குள் செடானை மடக்கித் திணித்ததில் பிறந்த வடிவம் அது.

எது சரியான தேர்வு? இரண்டுக்கும் விலை ஒன்றேயாதலால், விலை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அங்கேதான் வேறு விஷயங்கள் உள்ளே வருகின்றன.

2

முதலில் 'பழசு' என்ற சொல்லின் மேல் ஒரு சந்தேகம். ஒரு காருக்கு ஒரே வயது இருப்பதாக நாம் பேசுகிறோம். குறைந்தபட்சம் மூன்று இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் வருஷம் ஒன்று. ஓடிய தூரம் ஒன்று. அந்தக் காரை வரைந்தவன் மனத்தில் இருந்த காலம் ஒன்று. இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அம்பாசிடர் இதற்கு நம் கண்முன் உள்ள சாட்சி. 1956-இல் இங்கிலாந்தில் வெளியான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அதன் மூலம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையில் அது ஐம்பது வருஷத்துக்கு மேல் உற்பத்தியாகி, 2014 மே மாதத்தில் நின்றது. இடையில் ஜப்பானிய இசுசு என்ஜின் வந்தது, பம்பர் மாறியது, பவர் ஸ்டியரிங் வந்தது. ஆனால் 2013-இல் ஆலையைவிட்டு வெளியே வந்த ஒரு அம்பாசிடரை 2005-இல் வந்த ஜப்பானிய வடிவமைப்புச் செடானோடு பக்கத்தில் நிறுத்தினால், எது புதுசு? ஆர்.சி. புத்தகம் ஒரு பதில் சொல்லும். எஃகின் வளைவு வேறு பதில் சொல்லும். பிறந்த தேதியால் இளமை வந்துவிடுவதில்லை. மனிதர்கள் விஷயத்தில் இதை நாம் எளிதாக ஒத்துக்கொள்கிறோம்.

விலையும் வயதைப் பற்றிய உண்மையைச் சொல்வதில்லை. லைசென்ஸ் ராஜ்யத்தில் ஃபியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கட்டுப்பாட்டு விலையில் என்றோ வரப்போகும் புதிய வண்டியைவிட, இன்றே கையில் கிடைக்கும் ஓடிய வண்டிக்கு அதிகம் கொடுத்தார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட வருஷங்களில் அங்கே கார் தேயத் தேய விலை ஏறியது. வாங்கி ஓட்டிய வண்டியை வாங்கியதைவிடக் கூடுதலாக விற்க முடிந்தது. பழசாவது ஒரு பொருளின் இயற்கைக் குணம் என்றால் இது நடந்திருக்க முடியாது. பழசு என்பது பொருளுக்கும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கும் இடையே உள்ள ஒரு உறவின் பெயர். காத்திருப்பு, தட்டுப்பாடு, சட்டம், நினைவு எல்லாம் அந்த உறவுக்குள் அடக்கம்.

ஆகவே 'பழையதா, புதியதா' என்று கேட்பதைவிட, இந்த உறவில் யாருக்கு என்ன தெரியும், யார் எதைத் தாங்குகிறார்கள் என்று கேட்பது பலன் தரும் என்று தோன்றுகிறது.

3

தெரிவதிலிருந்து தொடங்கலாம். பழைய கார்ச் சந்தையை ஒரு சிந்தனைப் பிரச்னையாக்கியவர் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 'எலுமிச்சைகளின் சந்தை' என்று தலைப்பு வைத்த ஒரு சிறு கட்டுரை. மூன்று பெரிய ஆய்வுப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகு 1970-இல் நான்காவது பத்திரிகையில் அச்சேறி, 2001-இல் நோபல் பரிசுக்குக் காரணமாயிற்று. (சிறுபத்திரிகைக்காரர்கள் இந்த விவரத்தில் அற்ப சந்தோஷம் கொள்ளலாம்.) அதை எழுதிய காலத்தை ஒட்டி 1967-68-இல் அவர் தில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தார், நம் கிராமத்து வட்டிக்காரரும் அக்கட்டுரையில் ஒரு உதாரணமாக வருகிறார்.

அமெரிக்கப் பேச்சில் எலுமிச்சை என்றால் வாங்கிய பிறகு தொல்லை தரும் கார். வாங்கிய அன்று நாம் நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்து நசுக்குகிற அதே கனி. அவர்கள் எதைக் காருக்குள் ஒளிந்திருக்கும் தோஷம் என்கிறார்களோ, அதை நாம் காருக்கு வெளியே வைத்து ஏற்றி மிதித்துவிட்டால் தோஷம் போயிற்று என்று நம்புகிறோம்.

அகெர்லாஃபின் வாதம் எளிமையானது. விற்பவனுக்குத் தன் வண்டியின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவன் நடுத்தரமான ஒரு விலையே கொடுக்க முன்வருவான். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது, அவன் விலகிக்கொள்வான். அவன் விலக விலகச் சந்தையில் மிஞ்சுபவை மேலும் மட்டமானவை. அதனால் விலை மேலும் இறங்கும். அடுத்த நல்லவனும் விலகுவான். நேர்மையானவன் யாராலும் துரத்தப்படாமல், வெறும் கணக்கினாலேயே வெளியேற்றப்படுகிறான். நம் இலக்கியச் சூழலை நினைத்துக்கொள்ளாமல் இதைப் படிப்பது சிரமம்.

இந்தப் பார்வையில் 2010 வண்டிக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. பதினைந்து வருஷம் ஓடிய கார் தன் ரகசியங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே சொல்லிவிட்டது. துரு பிடிக்கும் இடம் பிடித்துவிட்டது. கியர்பெட்டி கெட்டிருந்தால் எப்போதோ கெட்டிருக்கும். அந்த மாடலின் வழக்கமான நோய் எது என்று ஊரில் உள்ள ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் மனப்பாடம். அதன் குறைகள் பகிரங்கமானவை. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை யாராவது திருப்பி வைத்திருந்தாலும் பாதகமில்லை. அந்த வயதில் மீட்டரை யாரும் நம்புவதில்லை. கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருப்பதைப் பார்க்கிறார்கள்.

2016 வண்டியோ இன்னும் பேச ஆரம்பிக்காத வண்டி. ஓடக்கூடிய காரை ஒருவர் ஏன் விற்கிறார் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. 'டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்' என்ற வாசகத்தைப் பழைய கார் விற்கும் இடங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! சொல்லப்படும் அத்தனை வண்டிகளையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருந்தால் அவர்களுக்கு நோயாளிகளைப் பார்க்க நேரமே இருந்திருக்காது. பெயிண்ட் புதுசு, உள்ளே டிங்கரிங் எவ்வளவு, வெள்ளத்தில் எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் பெயிண்டுக்குள்.

அதாவது, பழையதைத் தேர்பவன் தெரிந்த குறைகளைத் தேர்கிறான். புதியதைத் தேர்பவன் தெரியாத நிறைகளைத் தேர்கிறான். தெரிந்த குறையோடு வாழ்வது மேல் என்று ஒரு முதிர்ந்த மனம் சொல்லக்கூடும்.

4

இந்த நியாயம் இன்னும் ஆழமாகப் போகக்கூடியது. பௌத்தப் பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் என்ற பிக்ஷு, தன்னைப் பார்க்க ரதத்தில் வந்த அரசனிடம் ரதம் எது என்று கேட்கிறார். அச்சா, சக்கரமா, நுகமா, சட்டமா? எதுவும் ரதமில்லை, எல்லாவற்றின் குவியலும் ரதமில்லை, இவற்றைத் தவிர்த்த ஒன்றும் ரதமில்லை. கிரேக்கர்களுக்குத் தீஸியஸின் கப்பல். பலகை பலகையாக மாற்றப்பட்ட பிறகும் அது அதே கப்பலா என்று ஏதென்ஸில் விவாதித்ததாக ப்ளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றி எறிந்த பலகைகளையெல்லாம் ஒருவன் பொறுக்கிச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதை மேலும் சிக்கலாக்கினார். ஹாப்ஸின் கேள்வி காயலான் கடைக்காரர்களுக்கு அன்றாடம் பழக்கமானது. உடைத்துப் போட்ட கார்களின் உறுப்புகளில்தான் ஓடும் கார்களில் பாதி ஓடுகிறது.

ரேடியேட்டர் மாற்றி, சஸ்பென்ஷன் மாற்றி, என்ஜினை ஒரு தடவை இறக்கி ஏற்றிய பழைய காரை 'அதே கார்' ஆக்குவது எது? உறுப்புகள் இல்லையென்றால், அதன் மேல் தொடர்ந்து செலுத்தப்பட்ட கவனம்தான். சொந்தக்காரனின் காது, மெக்கானிக்கின் விரல் நுனி, இரண்டுக்கும் இடையே வருஷக்கணக்காக நடந்த பேச்சு. கார்புரேட்டர் காலத்துக் காரில் நோயை மனிதன் செவியால் அறிந்தான். இப்போது ஸ்கேனரைச் செருகினால் ஒரு எண் வருகிறது. எண்ணுக்கு அர்த்தம் கம்பெனியிடம் இருக்கிறது. அர்த்தத்துக்கு ஏற்ற உறுப்பை முழுசாகக் கழற்றி முழுசாக மாட்டுகிறார்கள். பழுதுபார்ப்பது என்ற தொழில், மாற்றி வைப்பது என்ற தொழிலாகக் குறுகுகிறது. அறிவு தெருமுனைப் பட்டறையைவிட்டு எங்கோ தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குக் குடிபெயர்கிறது.

எழுத்தாளர்களும் ஓவியர்களும் பேராசிரியர்களும் பழைய கார்களின்பால் சாய்வதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. பொருளோடு அந்நியமாகாத ஒரு உறவு அதில் மிச்சமிருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. கவனம் ஒரு அறம் என்றால், கவனத்தைக் கோரும் பொருள் நம்மைச் செம்மைப்படுத்துகிறது என்றாகும். இதோடு ஒரு சுற்றுச்சூழல் நியாயத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்: புதுக் கார் செய்ய எவ்வளவு எஃகு, எவ்வளவு நெருப்பு!

இந்தக் கடைசி நியாயத்தை முதலில் கழித்துவிடலாம். நம் முன் உள்ள இரண்டு வண்டிகளும் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டவை. 2016 வண்டியை நாம் வாங்காமல் விடுவதால் அதற்காக உருக்கிய எஃகு மண்ணுக்குத் திரும்பிவிடப்போவதில்லை. இது வேறொரு வழக்கிலிருந்து கடன் வாங்கிய சாட்சி. இந்த வழக்கில் செல்லாது.

கவனம் பற்றிய நியாயம் அவ்வளவு எளிதில் கழிவதில்லை. அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் அதன் எல்லையைப் பார்க்க வேண்டும்.

5

2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் தன் ஐம்பதாவது வருஷத்தை ஒட்டி ஒரு பரிசோதனை நடத்தியது. 1959-ஆம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009-ஆம் வருஷத்து ஷெவர்லே மாலிபு ஒன்றையும், இரண்டும் செடான்கள், மணிக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் முகப்பின் ஒரு பக்கமாக மோதவிட்டார்கள். 'அந்தக் காலத்து இரும்பு' என்று நாம் சொல்கிறோமே, அந்த இரும்பு பெல் ஏரில் இருந்தது. மோதியதும் அதன் பயணி அறை சுருங்கி, ஓட்டுநர் இடத்தில் இருந்த பொம்மையின் மேல் வந்து இறங்கிற்று. அங்கே மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுவின் மூக்கு அப்பளமாக நொறுங்கிற்று. உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் காயம் ஏற்படும் அளவுக்கு அடி. நொறுங்குவது அதன் வேலை. வண்டி நொறுங்காவிட்டால் அந்த விசையை உள்ளே இருக்கும் உடம்பு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கவனமும் 1959-ஐ 2009 ஆக்காது என்பதுதான் இதன் பாடம். ஐம்பது வருஷம் தினமும் துடைத்து எண்ணெய் போட்டு, ஒவ்வொரு சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டு வளர்த்த பெல் ஏரும் அந்த மோதலில் அப்படித்தான் மடிந்திருக்கும். புகை விஷயமும் இப்படியே. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-இல்தான் காடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. அது இல்லாத காரை எத்தனை அன்போடு ட்யூன் செய்தாலும், அதன் பின்னால் சைக்கிளில் வருபவன் சுவாசிப்பது நம் அன்பை அல்ல.

கவனம் செலுத்துபவன் ஒருவன், அதன் எல்லைக்கு அப்பால் உள்ளதைத் தாங்குபவன் வேறொருவன். இங்கேதான் ரசனை முடிந்து தார்மீகம் தொடங்குகிறது. பழைய வண்டியின் குறைகளைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவன் ஸ்டியரிங் பிடித்திருப்பவன் மட்டுமே. பின் இருக்கையில் தூங்கும் குழந்தை எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அருகில் இருக்கும் தாயாரிடம் யாரும் கேட்கவில்லை. சைக்கிள்காரனுக்கு இந்தச் சந்தையில் பேச்சே இல்லை. தெரிந்தவனும் தாங்குபவனும் ஒரே ஆளாக இருக்கும் வரையில்தான் பழையதைத் தேர்வது நேர்மையான தேர்வு. தனியாக, மெதுவாக, ஊருக்குள் ஓட்டிப்போகும் ஒருவர் தன் பழைய ஃபியட்டை வைத்திருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் இரவில் போகிறவர் 'அந்தக் காலத்து இரும்பு' பற்றிப் பேசினால், அவர் தன் ரசனைக்கு மற்றவர்களின் எலும்பை ஈடு வைக்கிறார்.

அப்படியானால் 2016-ஐ வாங்கிவிடலாமா? இங்கே யதார்த்தம் நம்மைக் கேலி செய்கிறது. ஓட்டுநருக்கான காற்றுப்பை இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்; பக்கத்து இருக்கைக்குக் கட்டாயமாக 2022 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு, நம் சந்தையில் நன்றாக விற்ற ஐந்து சிறிய கார்களின் காற்றுப்பை இல்லாத பதிப்புகளை மோதிப் பார்த்து, ஐந்துக்கும் பெரியவர்களைப் பாதுகாப்பதில் பூஜ்யம் கொடுத்தது. ஆகவே 2016-இல் வந்த சின்ன செடானின் மலிவுப் பதிப்பில் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லாமல் இருக்கலாம். 2010-இல் வந்த பெரிய செடானில் இரண்டும் இருக்கலாம். வருஷத்தைப் பார்த்து 'புதுசு' என்று நம்பியவன், வடிவமைப்பில் பழையதை வாங்கி வீடு திரும்புகிறான். அம்பாசிடர் விஷயத்தில் வெளிப்படையாக இருந்த முரண், இங்கே பளபளப்புக்குள் மறைந்துகொள்கிறது.

சட்டமும் இந்த இடத்தில் தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. தில்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் என்ற எல்லையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 வருஷங்களில் வகுத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டிச் சொந்தக்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொல்லிற்று. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 தரமும் அதற்குப் பிந்திய தரமும் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் என்று சுருக்கிற்று. வயது என்ற எண்ணிலிருந்து, வண்டி பிறருக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்குச் சட்டமும் மெல்ல நகர்வதாகவே இதை நான் வாசிக்கிறேன்.

பெரிய செடான் பக்கம் மனம் சாய்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். அதை வாங்கும் விலைதான் மூன்றரை லட்சம்; அதன் உறுப்புகள் இன்னமும் பத்து லட்சத்துக் காரின் உறுப்புகள். வாங்குவதற்கே கைப்பணம் முழுவதையும் கொட்டியவன், பிரேக் டிஸ்க் மாற்ற வேண்டிய மாதத்தில் மாற்ற மாட்டான். டயரை இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்ப்பான். காற்றுப்பை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அந்த விளக்கின் பல்பைக் கழற்றிவிடும் சாமர்த்தியசாலிகளும் பட்டறைகளில் உண்டு. கவனம் என்ற அறத்துக்கு மாதச் செலவு இருக்கிறது. அந்தச் செலவுக்கு வழியில்லாதவனிடம் பழைய காரின் பெருமை பேசுவது, பட்டினி கிடப்பவனிடம் உபவாசத்தின் மகிமை பேசுவதற்குச் சமானம்.

ஆக, எந்த வண்டி என்பதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஆனால் அது வருஷத்தில் இல்லை. காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் வேலை செய்கிற நிலையில் இருந்து, பழுதுக்கென்று ஐம்பதாயிரமாவது ஒதுக்கிவைக்க முடியுமானால் பெரியது. ஒதுக்க முடியாதென்றால், அதே பாதுகாப்பு உள்ள பதிப்பாகத் தேடிப் பிடித்த சின்னது. இரண்டும் கூடாதென்றால், கொஞ்ச நாள் பஸ். இந்தக் கடைசிப் பதில் யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும் அது ஒரு பதில்.

6

இவ்வளவு நேரமும் உள்ளே வரும் வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மாற்று என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு: வெளியே போகும் வண்டி. என் எண்ணத்தில் இந்த விவகாரத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. அது பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ஒரே வாரத்தில், ஒரே மனிதன், ஒரு வண்டிக்கு வாங்குபவனாகவும் இன்னொரு வண்டிக்கு விற்பவனாகவும் இருக்கிறான். திங்கட்கிழமை அவன் அடுத்தவன் வண்டியின் மிதியடியைத் தூக்கிப் பார்த்துத் துரு தேடுகிறான். விற்பவன் மறைக்கிறான் என்று ஆத்திரப்படுகிறான். உலகத்தில் நேர்மை செத்துவிட்டதாக மைத்துனனிடம் சொல்கிறான். வெள்ளிக்கிழமை தன் வண்டியின் துருவின் மேல் புது மிதியடி வாங்கிப் போடுகிறான். என்ஜின் புகை வெளியே தெரியாமலிருக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றச் சொல்கிறான். காலையில் பார்க்க வருகிறேன் என்பவரிடம் மத்தியானம் வரச் சொல்கிறான். மத்தியானத்துக்குள் என்ஜினை ஒரு தடவை சூடாக்கி வைத்துவிடலாம். இரண்டு நாட்களிலும் அவன் தன்னை ஒரே மனிதனாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அகெர்லாஃபின் கணக்கில் விற்பவனும் வாங்குபவனும் இரண்டு புள்ளிகள். வாழ்க்கையில் அவர்கள் ஒரே சட்டைக்குள் இருக்கிறார்கள்.

ஆயுத பூஜை அன்று இதே வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு கும்பிட்டவன் இவன். பொருளுக்கு நன்றி சொல்லும் மனோபாவம் நம்மிடம் இருக்கிறது, அது அழகானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பொருளுக்குச் செலுத்துகிற நன்றி, அந்தப் பொருளை அடுத்து ஏற்றுக்கொள்ளப்போகிற மனிதன் வரை நீளுவதில்லை. நம் நன்றியுணர்ச்சி எஃகோடு நின்றுவிடுகிறது.

அந்த அடுத்த மனிதன் யார்? பெரும்பாலும் நம்மைவிட வசதி குறைந்தவன். நமக்கு இனிக் கட்டுப்படியாகாத வண்டி அவனுக்குக் கட்டுப்படியாகும் என்று நாம் ஏன் நம்புகிறோம்? நமக்குப் போதாத பிரேக் அவன் பிள்ளைகளுக்குப் போதும் என்று எப்படி முடிவு செய்கிறோம்? தில்லியில் ஓட்டத் தடையான வண்டிகளுக்கு ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் கொடுத்து வேறு மாநிலங்களுக்கு அனுப்பும் வழி ஒன்றை அரசாங்கமே வைத்திருக்கிறது. வேறு மாநிலத்தில் இருப்பவனுக்கு நுரையீரல் வேறு மாதிரி போலும். தனிமனிதன் வெள்ளிக்கிழமை செய்வதை அரசாங்கம் வருஷம் முழுவதும் செய்கிறது.

எல்லாவற்றையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடு என்று சொல்வதும் எளிது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகன அழிப்புக் கொள்கையும் அதைத்தான் விரும்புகிறது. பதினைந்து வருஷம் தாண்டிய காரைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் அறுநூறு ரூபாயிலிருந்து ஐயாயிரமாக்கினார்கள், இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-இல் பத்தாயிரமாக்கினார்கள். அழிக்க வேண்டிய வண்டிகள் இருக்கின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கும், தளம் துருவேறிய வண்டி அவற்றில் ஒன்றாக இருக்கலாம். பழைய இரும்பு விலைக்கும், ஏமாந்த ஒருவர் தரக்கூடிய விலைக்கும் இடையே நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நம் தார்மீகத்தின் சந்தை மதிப்பு அந்த வாரத்தில் சரியாக நாற்பதாயிரம் ரூபாய். இதைவிடத் துல்லியமாக அதை அளந்து காட்டும் சந்தர்ப்பம் மத்தியதர வாழ்க்கையில் அதிகம் வருவதில்லை.

அழிக்க வேண்டாத நிலையில் உள்ள வண்டி என்றால், செய்யக்கூடியது மிகச் சாதாரணமான ஒன்று. வாங்க வருபவரைக் காலையிலேயே வரச் சொல்லலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது அவரையே சாவியைத் திருகச் சொல்லலாம். மிதியடியைத் தூக்கிக் காட்டலாம். இரண்டாவது கியர் மழைக்காலத்தில் முரண்டுபிடிக்கும் என்று சொல்லலாம். விலை குறையும். அகெர்லாஃப் சொன்ன கணக்குப்படி சந்தையிலிருந்து விலக வேண்டியவனாக நாம் ஆகிவிடுவோம். ஆனால் அந்தக் கணக்கு விற்பவன் வாய் திறக்க மாட்டான், திறந்தாலும் நம்பமாட்டார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. வாயைத் திறந்து, தன் நஷ்டத்துக்கு எதிராகவே பேசும் ஒருவனை நம்பாமலிருப்பது கடினம். தெரிந்தவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டால், தாங்குபவனும் தெரிந்தவனாகிறான். பழைய பொருள் ஒன்று நேர்மையாகக் கை மாறுவதற்கு உள்ள வழி இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

வீட்டுக்கு எந்த வண்டி வந்து சேர்ந்தது என்பதை அக்கம்பக்கத்தார் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வாசலிலிருந்து போன வண்டியில் எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவருக்கு அது கொஞ்சம் தாமதமாகத் தெரியவரும்.